பொரிப்பு மாவைச் சலித்து மறுபடி பயன்படுத்துவது எப்படி: உணவகச் சமையற்கட்டுக்கான வழிமுறை

மைதாவும் சோள மாவும் மிளகுத்தூளும் கலந்த தட்டில் முப்பது துண்டு கோழியைப் புரட்டி எடுத்த பிறகு, அந்த மாவுக்குள் விரல்களை விட்டுத் துழாவிப் பாருங்கள். சுண்டைக்காய் அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் உருண்டைகள் தட்டுப்படும். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தால், வெளியே வெள்ளையாக உலர்ந்திருக்கும் அந்த உருண்டையின் உள்ளே ஊறல் மசாலாவின் சிவப்பும் கோழியிலிருந்து வடிந்த நீரும் சேர்ந்து பசை போல இருப்பதைக் காணலாம். பொரிப்பு மாவை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எப்போது சலிக்க வேண்டும், எப்போது கொட்டிவிட வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பசையில்தான் இருக்கிறது.

பொரித்த கோழி விற்கும் கடைகள் இன்று சிற்றூர்ப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மாவு சலிக்கும் வேலை, புதிதாகச் சேர்ந்த உதவியாளரிடம் ஒரு சல்லடையைக் கொடுத்து "கட்டி இல்லாம சலிச்சு வை" என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஏன் சலிக்கிறோம் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சலித்த மாவு பார்வைக்குப் புது மாவைப் போலவே இருப்பதால், அது புது மாவுதான் என்று அவர் நம்பிவிடுகிறார். சலிப்பதால் மாவு சீராகும், சுத்தமாகாது. சல்லடை கட்டியைப் பிடிக்கும்; கிருமியைப் பிடிக்காது. இந்த ஒன்றைச் சமையற்கட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பது தெரிந்ததே. ஒரு துண்டை மாவில் புரட்டிய நொடியிலேயே அவை மாவுக்கு வந்துவிடுகின்றன. சால்மோனெல்லா பெருகுவதற்கு, உணவோடு பிணைந்துவிடாமல் கிருமிக்குக் கிடைக்கும் நீர் வேண்டும். அதை அளக்கும் நீர்ச் செயல்பாடு என்ற அளவு (தூய நீருக்கு இது 1) ஏறத்தாழ 0.94-க்குக் கீழே இருந்தால் அதனால் பெருக முடியாது. உலர்ந்த மாவில் இந்த அளவு 0.70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால், கிருமி அங்கே பெருகாது. ஆனால் சாவதும் இல்லை, நீண்ட காலம் அப்படியே கிடக்கும். உருண்டைக்குள் இருக்கும் ஈரப் பசையோ அதற்கு நல்ல விளைநிலம். அடுப்பின் வெக்கையில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சமையற்கட்டில், ஏற்ற சூழல் கிடைத்தால், சால்மோனெல்லா அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகக்கூடியது. அதனால்தான் சலிப்பதை அடிக்கடி செய்ய வேண்டும். ஈர உருண்டை மாவுக்குள் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே அதன் முதற்பயன்.

புது மாவும் கிருமியற்றது என்று எண்ணிவிட வேண்டாம். கோதுமை வயலில் விளைந்து, அரைபட்டு, எந்தச் சூட்டையும் காணாமல் மூட்டைக்குள் வருகிறது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பச்சை மாவின் வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 24 மாநிலங்களைச் சேர்ந்த 63 பேர் நோயுற்றனர். புரட்டிய மாவை மட்டுமல்ல, மூட்டையிலிருந்து எடுத்த மாவையும் வேகாத பண்டமாகவே கையாள வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது: குறைவாக எடுப்பது

மாவை மிச்சப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எல்லோரும் சல்லடையைத் தேடுகிறார்கள். உண்மையில் மிச்சம் பிடிக்கும் இடம் சல்லடை அல்ல, தட்டின் அளவு. வேலை தொடங்கும்போதே ஆறு, ஏழு கிலோ மாவைப் பெரிய தட்டில் கொட்டிவிட்டால், முதல் துண்டு கோழி விழுந்த உடனே அந்த ஏழு கிலோவும் பச்சைக் கோழி பட்ட மாவாகிவிடுகிறது. அதையே ஒன்றரை அல்லது இரண்டு கிலோவாக எடுத்து, குறையக் குறைய மூடிய டப்பாவிலிருந்து சேர்த்துக்கொண்டால், வேளை முடிவில் கொட்ட வேண்டியது தட்டின் அடியில் கிடக்கும் சில கைப்பிடிகள் மட்டுமே. டப்பாவிலிருந்து எடுக்கத் தனிக் கரண்டி ஒன்று வேண்டும். அது எப்போதும் உலர்ந்த, கோழி தொடாத கையில்தான் இருக்க வேண்டும். தட்டில் மீந்த மாவு எக்காரணம் கொண்டும் டப்பாவுக்குத் திரும்பக்கூடாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்த சமையற்கட்டுகளில், மாவை மறுநாளுக்கு எடுத்துவைக்கும் பேச்சே தானாக நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன், ஏனென்றால் எடுத்துவைக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அடுத்தது கோழியை வடிய விடுவது. ஊறலிலிருந்து எடுத்த துண்டைச் சொட்டச் சொட்ட மாவில் போட்டால், ஒவ்வொரு சொட்டும் ஓர் உருண்டையாகிறது. கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வைத்து வடித்தாலே சல்லடையில் நிற்கும் கப்பி கண்கூடாகக் குறையும். ஒரு கை ஈரத்துக்கு, மறு கை உலர்ந்த மாவுக்கு என்று பிரித்துக்கொள்ளும் பழைய பழக்கமும் இதற்காகத்தான். இரண்டு கையையும் மாற்றி மாற்றி விடுபவரின் விரல்களில் திரளும் பசைதான் பாதி உருண்டைகளுக்குக் காரணம்.

சலிக்கும் முறை

மைதாவும் சோள மாவும் கலந்த சாதாரணப் பொரிப்பு மாவுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள, துருப்பிடிக்காத எஃகுச் சல்லடை போதுமானது. வீட்டில் சப்பாத்தி மாவு சலிக்கும் நுண்ணிய சல்லடையை இதற்கு எடுத்தால் கண்கள் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த சல்லடையைக் கையால் தேய்த்து மாவை இறக்க முயலும்போது, ஈர உருண்டைகள் உடைந்து அவற்றின் பசையும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். சலிப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். சல்லடையைப் பக்கவாட்டில் தட்டி ஆட்ட வேண்டுமே தவிர, மேலே நிற்கும் கப்பியை விரலாலோ கரண்டியாலோ அழுத்தித் தேய்க்கவே கூடாது. தட்டி ஆட்டியும் இறங்காதது, இறங்கத் தகுதியற்றது என்று கொள்ளுங்கள்.

ஒரு சுற்றுக் கோழி எண்ணெயில் இறங்கிய உடனே, அடுத்த சுற்றுக்கு முன்பாகச் சலிப்பது நல்லது. நெருக்கடி நேரத்தில் அது முடியாவிட்டாலும் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடக்கூடாது. இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் புரட்டும்போது மற்றொன்றைச் சலிப்பது வேலையை நிறுத்தாமல் செய்ய உதவும். புழங்காத தட்டை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். தட்டைப் பனிக்கட்டியின் மேல் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தட்டின் ஓரங்கள் வியர்த்து மாவு இன்னும் கட்டியாவதால், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சலித்து முடித்ததும் ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் இன்னும் பயன்படும். கொழுக்கட்டை பிடித்தது போல விரல் தடத்தோடு நின்றால், உருண்டைகளை எடுத்த பிறகும் மாவு முழுவதிலும் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்; எத்தனை முறை சலித்தாலும் அது திரும்பாது, கொட்டிவிட வேண்டியதுதான். இந்தியத் தர விதிப்படி மைதாவில் ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சமையற்கட்டில் யாரும் அதை அளந்துகொண்டிருக்க முடியாது, ஆனால் இந்தப் பிடிச் சோதனை கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் கைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் கோழியே படாத மாவுகூடக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், அந்த மாதங்களில் இந்தச் சோதனையை இரட்டிப்பாகச் செய்யுங்கள்.

சுவைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சல்லடை உருண்டையை மட்டுமா நிறுத்துகிறது? ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, காய்ந்த இலைத் துணுக்குகள், மிளகாய் விதைகள் எல்லாம் கப்பியோடு மேலேயே நின்றுவிடுகின்றன. மூன்று நான்கு முறை சலித்த மாவு வெறும் மைதாவைப் போலச் சப்பென்று ஆகிவிடும். அதை ஈடுகட்ட உப்பை மட்டும் அள்ளிப் போடுவது சரியான வழி அல்ல, ஏனென்றால் ஊறலிலிருந்து உப்பு ஏற்கெனவே மாவில் இறங்கியிருக்கும். மசாலா முழுமையாகக் கலந்த புது மாவைச் சேர்ப்பதே சரி. மசாலாவை முதலிலேயே நைசாக அரைத்துக் கலந்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு எழாது.

கப்பியை மறுபடி தட்டில் போட்டுக்கொள்ளும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைக் கஞ்சத்தனத்தால் செய்யவில்லை. பொரித்த கோழியின் மேல் செதில் செதிலாக மொறுமொறுப்பு வர அந்தச் சிறு கட்டிகள் உதவுகின்றன என்பது உண்மை. அந்தச் செதில் வேண்டுமென்றால், புது மாவில் இரண்டு கரண்டி குளிர்ந்த நீரையோ மோரையோ தெளித்து விரல் நுனியால் பிசிறிவிட்டு உடனே பயன்படுத்துங்கள். அதே மொறுமொறுப்பு வரும். இரண்டு மணி நேரம் வெக்கையில் கிடந்த கோழி நீர் அதில் இருக்காது.

நேரக் கணக்கு

சலித்துக்கொண்டே இருந்தால் ஒரே மாவை நாள் முழுவதும் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, கூடாது என்பதே. அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு, குளிரிலிருந்து வெளியே எடுத்த, கெடக்கூடிய உணவை வெப்பக் கட்டுப்பாடின்றி நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துப் பயன்படுத்த 4 மணி நேரம் அனுமதிக்கிறது. அதன் பிறகு மீந்ததைக் கொட்ட வேண்டும். நம் சமையற்கட்டின் வெக்கையை எண்ணி நான் 3 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் உணவகங்களின் நாளும் இதற்கு ஏற்றாற்போலவே அமைந்திருக்கிறது: பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மதிய வேளை மூன்று மணிக்கு அடங்கும், இரவு வேளை ஏழிலிருந்து பத்து வரை. மதிய மாவு மதியத்தோடு முடிய வேண்டும், இரவு மாவு இரவோடு முடிய வேண்டும். தட்டின் ஓரத்தில் ஒரு காகித நாடாவை ஒட்டி, "12:10 எடுத்தது, 3:10 கொட்ட வேண்டும்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். நடுவில் புது மாவு சேர்த்தாலும் அந்த நேரம் மாறாது. தட்டில் இருக்கும் மிகப் பழைய மாவின் வயதே தட்டு முழுவதன் வயது.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு சமையற்கட்டில், மழைக்கால மாலை ஒன்றில், தேதி எழுதாத ஒரு டப்பாவைத் திறந்தேன். மாஸ்டர், "நேத்து மாவுதான் சார், நல்லா சலிச்சு வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நேற்றைய மாவில் முந்தாநாள் மாவு கலந்திருந்தது, அதில் அதற்கும் முந்தைய நாள் மாவு. தோசை மாவுக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுப் புளிக்க வைப்பது போல, ஒவ்வொரு நாளும் பழையது புதியதில் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. டப்பாவின் மூலையில் விரலை விட்டபோது மாவு குளிர்ந்து, களிமண் போல ஒட்டியது. மோந்து பார்த்தால் மெல்லிய புளிப்பு. அவரையே மோந்து பார்க்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சமையற்கட்டில் வேளைக்கு ஒரு முறை தட்டும் மாவும் முழுவதுமாக மாறின. ஒரு நாளின் மாவு மறுநாளைத் தொடவில்லை.

இறைச்சியோ முட்டையோ படாமல், உலர்ந்த காய்கறித் துண்டுகளை மட்டும் புரட்டிய மாவுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. சலித்து, மூடி, தேதியிட்டு, 5 டிகிரிக்குக் கீழே வைத்தால் மறுநாள் ஒரு முறை பயன்படுத்தலாம்.

பிரெட் தூள், முட்டைக் கலவை, கரைத்த மாவு

கட்லெட்டுக்கும், இலங்கைத் தமிழர் கடைகளில் செய்யும் ரோல்ஸுக்கும் பிரெட் தூளோ ரஸ்க் தூளோ போடுவார்கள். உள்ளே வைக்கும் கிழங்கும் மீனும் இறைச்சியும் முன்பே வெந்தவை என்பதால், பச்சைக் கோழியைப் புரட்டும் தட்டை விட இங்கே ஆபத்து குறைவு. ஆனாலும் பச்சை முட்டையில் தோய்த்துப் புரட்டினால் அந்த முட்டை தூளில் சொட்டத்தான் செய்யும். ரஸ்க் தூள் நைசானது, மாவுச் சல்லடையிலேயே இறங்கிவிடும். செதிலாக இருக்கும் பிரெட் தூளுக்கு இரண்டு சல்லடை வேண்டும்: முதலில் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ளதில் சலித்தால் தூள் கீழே இறங்கி, முட்டையில் திரண்ட கட்டிகள் மேலே நிற்கும், பிறகு 1 மில்லிமீட்டர் கண்ணுள்ளதில் சலித்தால், உதிர்ந்த மைதாவும் பொடியும் கீழே போய் நல்ல தூள் மேலே நிற்கும். இரண்டாவது சலிப்பை விட்டுவிட்டால் அந்தப் பொடி எண்ணெயில் கருகி, அடுத்த சுற்றுக் கட்லெட்டின் மேல் கரும்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும்.

முட்டைக் கலவையையும் கரைத்த மாவையும் வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைப்பது பெரும் பிழை. அவை முழுக்க முழுக்க ஈரம். கரைத்த மாவில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, பெரும்பாலும் கைகளின் வழியாக, வந்து சேரும். அது உண்டாக்கும் நச்சு, கிருமி பொரிந்து செத்த பிறகும் சூட்டில் அழியாது. இதனால்தான் மீன் பண்டங்களுக்கான அமெரிக்க வழிகாட்டி நூல், கரைத்த மாவு 21 டிகிரிக்கு மேல் மொத்தமாக 3 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுக்கிறது. நம் சமையற்கட்டில் 21 டிகிரி என்பது மார்கழி விடியலில்கூட அரிது. ஆகவே சிறு கிண்ணங்களில் கரைத்து, கிண்ணத்தைப் பனிக்கட்டியில் வைத்து, தீரத் தீரப் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். காலிஃபிளவர் பொரித்து மீந்த மாவுக் கரைசலை மாலையில் குழம்பு கெட்டியாக விடுவதும், சலித்த கப்பியில் ஊழியர்களுக்குப் பக்கோடா போடுவதும் நடக்கிற செயல்கள்தான். இரண்டையும் இன்றே நிறுத்த வேண்டும். வாடிக்கையாளருக்கு வைக்கத் தகாததை உடன் உழைப்பவருக்கு வைப்பது எவ்வகையிலும் நியாயமில்லை.

கலக்கக்கூடாதவை

கோழி மாவில் பன்னீரையோ காளானையோ புரட்டுவது, பச்சைத் தண்ணீர்கூடத் தனிக் குவளையில் கேட்கும் சைவ வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். சைவத்துக்குத் தனித் தட்டு, தனிச் சல்லடை, தனிக் கரண்டி, முடிந்தால் தனி எண்ணெய்ச் சட்டி என்று முழுமையாகப் பிரித்து, கைப்பிடியில் பச்சை நாடா சுற்றி அடையாளமிடுங்கள். "முதலில் சைவத்தைப் புரட்டிவிட்டுப் பிறகு அசைவம்" என்ற வரிசை முறை காலை பத்து மணிக்குச் சரியாக இருக்கும். இரண்டு மணி நெருக்கடியில் வரிசை உடைந்துவிடும்.

இறாலுக்கு இன்னும் கவனம் தேவை. இறால் ஒவ்வாதவர்களுக்கு மிகச் சிறு அளவே மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். இறாலின் புரதம் மாவுத் துகளோடு துகளாகச் சல்லடையில் இறங்கிவிடுவதால், இறாலைப் புரட்டிய மாவை எவ்வளவு சலித்தாலும் அது இறால் மாவுதான். அதைக் கோழிக்குப் பயன்படுத்திவிட்டு, கேட்கும் வாடிக்கையாளரிடம் "இதில் இறால் இல்லை" என்று சொல்லும் பணியாளர் தெரியாமலே பொய் சொல்கிறார்.

எண்ணெய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு

சலிக்காத தட்டிலிருந்து வரும் துண்டோடு உதிரி மாவும் உருண்டைகளும் எண்ணெயில் இறங்கி, அடியில் தங்கிக் கருகி, எண்ணெயை விரைவில் கறுக்க வைக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் சிதைவதால் சேரும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஒழுங்காகச் சலிப்பதும், புரட்டிய துண்டைச் சட்டிக்கு மேல் அல்லாமல் தட்டுக்கு மேலேயே இரண்டு முறை உதறுவதும் எண்ணெயின் ஆயுளை நீட்டிக்கும். ஒரு தட்டு மாவின் விலையையும் ஒரு சட்டி எண்ணெயின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பழைய மாவைக் காப்பாற்றப் போய் எண்ணெயை இழப்பது தெரியும். கட்டியாக மாவு ஒட்டிய துண்டு வெளியே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கவும் வாய்ப்புண்டு. ஆகவே தடித்த துண்டின் நடுவில், எலும்பைத் தொடாமல், வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி வந்ததை உறுதிசெய்த பிறகே எடுக்க வேண்டும்.

சலிப்பவரும் சல்லடையும்

மாவுத் தூசியை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவது பேக்கரித் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். சலிப்பவருக்கு முகக்கவசம் கொடுங்கள். மின்விசிறிக்கு நேரே நின்று சலிக்கவிடாதீர்கள். சல்லடையை உயரத் தூக்காமல் தட்டுக்கு ஒரு சாண் உயரத்திலேயே ஆட்டச் சொல்லுங்கள். காற்றில் மிதக்கும் மாவுத் தூசி தீப்பற்றக்கூடியது என்பதால், எரியும் அடுப்புக்கு அருகில் சலிக்கக்கூடாது. வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கும் மேடைக்கு அருகிலும் கூடாது, ஏனென்றால் அந்தத் தூசி பச்சைக் கோழி பட்ட தூசி.

வேளை நடுவே சல்லடையை நீரில் கழுவினால், சரியாகக் காயாத கண்களில் அடுத்த மாவு அப்பிக்கொள்ளும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாகச் சல்லடை வைத்துக்கொண்டு, நடுவில் உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து, வேளை முடிந்ததும் கழுவ வேண்டும். கழுவும்போது முதலில் குளிர்ந்த நீர். வெந்நீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் மாவு கண்களிலேயே வெந்து பசையாகிவிடும். பிறகு சோப்புத் தூளும் வெந்நீரும், கடைசியில் கிருமி நீக்கி. கப்பியைக் கழுவுதொட்டியில் தட்டாமல், மூடியுள்ள குப்பைத் தொட்டியில் கொட்டுங்கள். குழாய்க்குள் போன மாவு இரண்டு நாளில் சாந்தாக இறுகி நிற்கும்.

கழுவிய சல்லடையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, வலை அறுந்திருக்கிறதா, ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண் பெரிதாகத் தெரிந்தாலே அந்தக் கம்பித் துணுக்கு எங்கேயோ மாவில் விழுந்திருக்கிறது என்று பொருள். அன்றைய மாவைக் கொட்டிவிட்டு, சல்லடையையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நல்ல சல்லடையாக இருந்தால் சுவரில் கவிழ்த்து மாட்டி, காலை வரை காய விடுங்கள். மறுநாள் அதை எடுப்பவர், உலர்ந்த விரலால் வலையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.